எண்பத்து நான்கு வினாடி

காஸ்பர் மோத்தா கண்ணாடி அறைக்குள் கையைத் தூக்கியபோது பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. அவர் தூக்க வேண்டியது பத்தாவது நிமிடத்தில்.

என் பக்கத்தில் நின்ற கோர்ட் கமிஷனர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். நானும் எழுதினேன். அவருடைய ஒரு நிமிடத்துக்கு எண்பத்து நான்கு வினாடி. பதினான்கு மாதத்துக்கு முன்னால் இதே அறையில் இதே மனிதருக்கு அறுபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

என் பெயர் செல்சியா. வயது நாற்பத்தொன்பது. தூத்துக்குடி உள்நேர அளவை நிலையத்தில் ஒன்பது வருடமாக வேலை. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும், வேலையில் மட்டும் யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அன்று காலைவரை.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குக் கிழக்கே கடலுக்கடியில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் காந்தக் கூண்டுகள் இருக்கின்றன. ஊரில் அதற்குக் கரண்டு வயல் என்று பெயர். அந்த வட்டத்துக்குள் எந்தக் கடிகாரமும் ஓடாது, வயர்லெஸ்ஸும் பேசாது. இரும்பு ஒரு குண்டூசிகூடக் கீழே போகக் கூடாது. கூண்டுக்குள் படியும் பாசியையும் சிப்பியையும் மனிதர்தான் இறங்கிச் சுரண்ட வேண்டும். இறங்குகிற குளியாள் முதுகில் பிளாஸ்டிக் காற்றுக் குப்பி, அதில் பன்னிரண்டு நிமிடக் காற்று. மேலே படகில் இருக்கிற தட்டுக்காரர் பத்தாவது நிமிடம் மூங்கிலைத் தண்ணீரில் இறக்கித் தட்டுவார். சத்தம் கேட்டுக் குளியாள் கூண்டைவிட்டு ஊர்ந்து வெளியே வந்து மேலேற இரண்டு நிமிடம். பழகிய குளியாள் காற்று இறுகும்போதே தட்டுக்குக் காத்திராமல் ஏறிவிடுவதும் உண்டு. மணல் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். படகு ஆடுகிற ஆட்டத்தில் அது ஒவ்வொரு நாளும் ஒரு கணக்குக் காட்டியது. கடைசியில் மனிதனுடைய மண்டைக்குள் ஓடும் கடிகாரத்தை நம்புவது என்று முடிவாயிற்று. அதை அளந்து சான்றிதழ் கொடுக்கிறவர்கள் நாங்கள்.

காஸ்பருக்கு அறுபத்தாறு வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் தட்டியபோது கீழே இருந்த பிரைட்டன் வரவில்லை. முப்பத்தொரு வயதுப் பிள்ளை, தொழிலுக்குப் புதிது. கூண்டின் வாசலுக்கு இரண்டு முழம் உள்ளே கிடைத்தான். காஸ்பர் பத்தாவது நிமிடத்தில் தட்டியதாகச் சத்தியம் செய்தார். கரண்டு வயலை நடத்துகிற கம்பெனி அவர் மேல் வழக்குப் போட்டது. உள்நேரம் தளர்ந்துபோனது தெரிந்தும் மறைத்துப் படகேறினால் சட்டப்படி ஏழு வருடம் சிறை. அந்த வயதில் ஏழு வருடம் என்றால் அவர் திரும்பி வருவதாக நான் நினைக்கவில்லை.

அறைக் கதவைத் திறந்தேன். காதில் மாட்டியிருந்த சத்தத் தடுப்பைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்டார்.

"சரியா வந்துட்டாம்மா?"

கமிஷனர் இருந்ததால் நான் அதை வாங்கி மேசையில் வைத்தேன்.

மத்தியானம் இரண்டரைக்குச் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். அளவை நிலையமும் கோர்ட்டும் எதிரெதிர்க் கட்டடங்கள். சாலையைக் கடக்கும்போது டைரக்டர் போனில் வந்தார்.

"ரிசல்ட் பாத்தேன். ஒண்ணும் பதறாத. பதினாலு மாசத்துல இப்பிடி தளருமான்னு கேப்பாங்க. சில வியாதியில தளரும்னு சொல்லு. அது உண்மைதான?"

"உண்மைதான் சார்."

"கேட்டதுக்கு மட்டும் பதில். நிலையத்துப் பேரு கெடக் கூடாது."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. வியாதி இருந்தால் நடையில் தெரியும், பேச்சில் தெரியும். காஸ்பர் கிண்ணென்று இருந்தார். நான் அளந்ததில் தப்பு வராது. அப்படியானால் எது தப்பு?

கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் காஸ்பரும் அவருடைய வக்கீல் இசக்கிப்ரியாவும் உட்கார்ந்திருந்தார்கள். இலவசச் சட்ட உதவியில் வந்த பெண், இருபத்தெட்டு வயதிருக்கும். சற்றுத் தள்ளி பெஞ்சில் பிரைட்டனின் மனைவி ஷர்லின் தனியாக இருந்தாள். எல்லா வாய்தாவுக்கும் வருவாள். யாரோடும் பேச மாட்டாள்.

சாட்சி சொல்லப்போகிறவள் எதிராளியிடம் பேசலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். பிறகு போய்விட்டேன்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பத்து நிமிஷத்த எப்பிடி எண்ணுதீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "இதென்ன கேள்வி? செபமாலைதான். மாதாவுக்குச் சொல்லுற அருள்நிறை மந்திரம் முப்பத்தாறு தடவ சொன்னா பத்து நிமிஷம். எங்க அப்பா காலத்துல இருந்து அதான கணக்கு. வெரல்ல மணி உருளும், எண்ணிக்க தப்பாது."

"எண்ணிக்கை தப்பாது. வேகம்?"

"வேகம் என்ன வேகம்? நான் முதப்பாதி சொல்லுவேன். லூர்தையா மறுபாதி சொல்லுவான். இருபது வருசம் ஒரே படகுல அப்பிடித்தான் தட்டினோம். அவன நிப்பாட்டுன பொறவு ரெண்டு பாதியையும் நானே சொல்லிக்கிடுவேன்."

"லூர்தையாவ எப்ப நிப்பாட்டினாங்க?"

"போன வருசம் உங்க சர்டிபிகேட் வந்த மறு வாரம். ஒத்தையில இருந்தே அறுபத்தொண்ணு வாங்கியிருக்கீரு, ரெண்டாவது ஆளு எதுக்குன்னு மேனேஜர் கேட்டாரு. எல்லாப் படகுலயும் அப்பிடித்தான் குறைச்சாங்க."

இசக்கிப்ரியா பேனாவை எடுத்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, போன வருஷம் அறையில ரெண்டு பாதியும் நீங்கதான சொன்னீங்க?"

"இல்லியே," என்றார் காஸ்பர் சாதாரணமாக. "மறுபாதி நீங்கதான சொன்னீங்க."

"நானா?"

"ஆமா. பக்கத்து ஸ்டூல்ல இருந்துகிட்டு. மெல்லத்தான் சொன்னீங்க, உதடு அசையிறது தெரிஞ்சுது. அதுவும் பரீட்சையில ஒரு பாகம்னு நெனச்சேன். இன்னைக்கு நீங்க வெளிய நின்னீங்களா, செத்த ஒரு மாதிரி இருந்துச்சு."

அளவையாளர் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. வயதானவர்கள் அடைத்த அறையில் தனியாக இருந்தால் மிரளுவார்கள். அதனால் அறுபது தாண்டியவர்கள் வந்தால் நான் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். இரக்கம் என்று நினைத்துத்தான் செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. எங்கள் கடற்கரையில் பிறந்தவர் யாரும் ஒருவர் முதற்பாதி சொல்லிவிட்டு நிறுத்தினால் சும்மா இருக்க மாட்டார்கள், மறுபாதி தானாக வாயில் வந்துவிடும். தும்மல் மாதிரி. பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், தூக்கத்தில்கூட நான் சொல்லியிருக்கிறேன். அறைக்குள் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்ன ஞாபகமே இல்லை. சொல்லாத ஞாபகமும் இல்லை.

"மேடம்," என்றாள் இசக்கிப்ரியா மெதுவாக, "இது உண்மையா இருந்தா உங்க வேலை போகும். அது மட்டும் இல்ல, கேஸும் உங்க மேல திரும்பும்."

"தெரியும்."

"நான் உங்கள கேக்கப்போறேன். கேக்காம இருக்க முடியாது."

"கேளும்மா. நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடிவிட்டேன். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். சம்பளம் ஒன்றுதான். ஒரு வாக்கியம் போதும், நான் தப்பிக்கலாம். அதுவும் உண்மையான வாக்கியம். சில வியாதியில் தளரும். அதற்குப் பிறகு காஸ்பரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டால் போதும். சீ என்று எனக்கே என்மேல் வந்தது. ஆனாலும் அந்த வாக்கியத்தை மனதுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் கோமதிநாயகம் முதலில் எழுந்தார். நிதானமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"அம்மா, வயசானா நேரம் ஏன் தப்புதுன்னு கோர்ட்டுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

இது ஆயிரம் தடவை சொன்ன பாடம். "மூளைக்குள்ள ஒரு துடிப்பு ஓடிக்கிட்டே இருக்கு ஐயா. அத எண்ணித்தான் இவ்வளவு நேரம் ஆச்சுன்னு நமக்குத் தோணுது. வயசாக ஆக அந்தத் துடிப்பு மெதுவாகும். அறுபது வினாடி போயிருக்கும், அவங்களுக்கு நாப்பத்தஞ்சுதான் போன மாதிரி இருக்கும்."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு இருக்கு. கையில இருக்கிற வேலைய மனசு ஒரு சின்னப் பலகையில எழுதி வச்சுக்கிடும். வயசானா அந்தப் பலகை சுருங்கும். நேரத்தையும் எண்ணணும், துடுப்பையும் தள்ளணும், எந்தக் கூண்டுல ஆள் இருக்குன்னும் வச்சுக்கிடணும்னா ஏதாவது ஒண்ணு விழுந்திரும். பெரும்பாலும் விழுறது நேரம்தான். துடுப்பத் தள்ளுற அஞ்சு வினாடி எண்ணுறது நின்னுருக்கும். நின்னது அவருக்குத் தெரியாது."

நீதிபதி பேனாவை நிறுத்தினார். அவருக்கும் ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருக்கும். "தெரியவே தெரியாதா?"

"தெரியாதுங்க ஐயா. அவங்களுக்கு எல்லாம் சரியா இருக்கிற மாதிரியேதான் இருக்கும்."

"போன வருஷம் அறுபத்தொண்ணு," என்றார் கோமதிநாயகம். "இன்னைக்கு எண்பத்து நாலு. உங்க அளவை தப்பாதுன்னு கோர்ட் ஒன்பது வருஷமா ஏத்துக்கிட்டிருக்கு. பதினாலு மாசத்துல ஒரு மனுஷன் இவ்வளவு தளர முடியுமா?"

டைரக்டர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

"சில வியாதியில தளரும்," என்றேன்.

வாயிலிருந்து அது இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்படித் தளர்ந்தா கூட இருக்கிறவங்களுக்கு, அவருக்கே, ஏதாவது அறிகுறி தெரியுமில்லையா?"

"வியாதின்னா தெரியும்."

"நன்றி. வேற கேள்வி இல்லை."

குறுக்கு விசாரணைக்கு இசக்கிப்ரியா எழுந்தாள். காஸ்பர் குற்றவாளிக் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு வியாதியா என்று கேட்கிற முகம், பயந்த முகம். டாக்டரிடம் போன கிழவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். இந்த மனிதருக்கு நான் ஏழு வருடம் வாங்கிக் கொடுத்தது போதாதென்று இல்லாத வியாதியையும் கொடுத்துவிட்டேன்.

அவள் கேள்வியைத் தொடங்குவதற்குள் நான் நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன்.

"ஐயா, நான் முன்ன சொன்னது பொதுவா சொன்னது. இவருக்கு வியாதி கிடையாது. இவரு போன வருஷமும் எண்பத்து நாலுதான். அறுபத்தொண்ணுன்னு எழுதினது என் தப்பு."

கோமதிநாயகம் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"என்ன தப்பு?"

சொன்னேன். ஸ்டூலைச் சொன்னேன், மறுபாதியைச் சொன்னேன். "எதிர்ல ஒருத்தர் பதில் சொன்னா இவரால நிக்க முடியாது. நம்ம பாதி முடிஞ்சதும் அவரு அடுத்தத ஆரம்பிச்சாகணும். நான் அவர இழுத்துக்கிட்டுப் போயிருக்கேன். அறுபத்தொண்ணு அவரோட நேரம் இல்ல, எங்க ரெண்டு பேரு நேரம். அதக் காட்டித்தான் கம்பெனி ரெண்டாவது ஆள எடுத்திருக்கு. ஒத்தையில விட்டது நான்தான், ஐயா. பிரைட்டன் செத்ததுக்கு இவரு காரணம் இல்ல."

டைரக்டர் எழுந்து வெளியே போவது தெரிந்தது. மனம் லேசாகிவிட்டது என்று நினைத்தேன். நீதிபதியின் அடுத்த கேள்வி வரும்வரைதான் அந்த நினைப்பு.

"இப்படி இன்னும் எத்தனை பேருக்கு உள்ள உட்கார்ந்தீங்க?"

"அறுபது தாண்டின எல்லாருக்கும்."

"அதுல எத்தனை பேர் செபம் சொல்லி எண்ணுறவங்க?"

"எங்க கரையில எல்லாரும்தான்."

"இப்ப கடல்ல எத்தனை பேர்?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. மூன்று மணி ஷிப்ட் இறங்கியிருக்கும். "பதினோரு படகு," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

நீதிபதி எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு மேசைப் போனை எடுத்தார். துறைமுகத்துக்குப் பேசினார். வட்டத்துக்குள் வயர்லெஸ் போகாது. விரைவுப் படகு நேரில் போய்த்தான் ஒவ்வொரு தட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டும். போகவே இருபத்தைந்து நிமிடம். அதற்குள் ஒவ்வொரு படகிலும் ஒரு குளியாள் இரண்டு தடவையாவது இறங்கி ஏற வேண்டியிருக்கும்.

"பேர் சொல்லுங்க," என்று துறைமுகத்து அதிகாரி ஸ்பீக்கரில் கேட்டார். நான் சொன்னேன். சந்தியாகு, அறுபத்து மூன்று. மிக்கேல் தல்மேதா, அறுபத்தெட்டு. பெரிய பவுல். சின்ன பவுல். ஒன்பது பேருக்கு மேல் வரவில்லை. என் கையால் கையெழுத்துப் போட்ட பதினோரு பேரில் இரண்டு பேரை என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. காஸ்பர்தான் கூண்டிலிருந்தே எடுத்துக்கொடுத்தார்.

"இஞ்ஞாசியார், அப்புறம் நம்ம கொரைரா மச்சான். கொரைராவ மொதல்ல பாக்கச் சொல்லுங்க. அவரு என்னைவிட மெதுவு."

கோர்ட்டை ஒத்திவைத்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வராந்தாவில் சுவரோரமாக நான் உட்கார்ந்தேன், காஸ்பரும் வந்து உட்கார்ந்தார். மத்தியானம் என்னோடு பேசின மனிதர் இல்லை அவர். விரலில் செபமாலை மணி மட்டும் உருண்டது.

"நான் சரியாத்தான் தட்டினேன்னு மூணு மாசமா சத்தியம் பண்ணுதேன்," என்றார் கடைசியில். "பொய்ச் சத்தியம்."

"உங்களுக்குத் தெரியாதுல்ல அண்ணாச்சி."

"தெரியாது. போன வருசம் நீங்க ஃபெயில் போட்டிருந்தா உங்கள வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். நிலையத்து வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்தியிருப்பேன்." தரையில் கையை ஊன்றினார். "அந்தப் பய இருந்திருப்பான்."

தன் மேல் பழி இல்லை என்றானதில் அவருக்குச் சந்தோஷமே இல்லை. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், அவர் எழுந்து போய்விட்டார்.

நாலு ஐந்துக்குத் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. எட்டுப் படகு திரும்பியாயிற்று. நாலு இருபதுக்குப் பத்து. பதினொன்றாவது, வட்டத்தின் கடைசிக் கோடியில் நின்ற கொரைராவின் படகு. எங்கள் வயதில் மத்தியானங்கள் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது என்று எத்தனையோ பேருக்கு விளக்கம் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கால்மணி நேரம் நகரவே மாட்டேன் என்றது. நாலு முப்பத்தெட்டுக்கு அந்தக் குளியாளும் மேலே வந்துவிட்டான். குப்பியில் காற்று சுத்தமாகத் தீர்ந்து, மூக்கில் ரத்தத்தோடு, ஆனால் உயிரோடு.

இசக்கிப்ரியா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நாளைக் காலையில் என்னை விசாரிக்க ஆள் வரும் என்றும், தனியாக வர வேண்டாம், வக்கீலோடு வாருங்கள் என்றும் சொன்னாள். சரி என்றேன். பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

கீழ்ப்படியில் ஷர்லின் நின்றிருந்தாள்.

அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்துகொண்டேன். அவள் கை இரண்டும் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தன.

"யக்கா, உங்களுக்கு நேரத்தப் பத்தி எல்லாம் தெரியும்லா?"

"கொஞ்சம் தெரியும்மா."

"பன்னெண்டு நிமிசத்துல காத்து தீந்துருச்சு. அவரு தட்டினது பதினாலுல. அந்த ரெண்டு நிமிசம்," என்று தலைப்பை இன்னும் இறுக்கினாள். "அந்த ரெண்டு நிமிசம் எங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு நேரமா இருந்திருக்கும்?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். எங்கள் பயிற்சியில் முதல் வாரத்துப் பாடம் அது. பயம் வந்தால் துடிப்பு வேகமாகும், மனம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதும். வயது குறைவாக இருந்தால் இன்னும் நீளும். முப்பத்தொரு வயது, இருட்டு, வாசல் இரண்டு முழத்தில். அது இரண்டு நிமிடமாக இருந்திருக்காது.

"கண்ண மூடித் தொறக்குற நேரம்தான்மா," என்றேன். "காத்து போனதும் தூக்கம் மாதிரி வந்துரும். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். மத்தியானம் முழுவதும் அந்த ஹாலில் உட்கார்ந்து நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள்.

"இத அந்தச் சாட்சிக் கூண்டுல ஏறிச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

நான் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.